இல்லாத நாட்டுக்காக ஆடியவர்

பாட்டி எந்த ஊரில் பிறந்தார் என்ற கேள்வி ஒரு நாட்டின் காற்பந்தையே ஆட்டிவைக்கும் என்று 2025க்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். வியட்நாமை 4–0 என்று வென்ற குதூகலம் அடங்குவதற்குள், அதே ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபா அறிவித்தது. அவர்களுக்குத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதம். அதன்பின் காப்பிக்கடைகளில் வேறு பேச்சில்லை. "இங்க பொறக்காதவன் எப்படி நம்ம சட்டையப் போடலாம்?" என்பது ஒரு கட்சி. "ஏன், பிரான்ஸ்காரன் போடலையா?" என்பது எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சிக்காரர்கள் அடுக்கும் பிரெஞ்சுப் பெயர்களில் பாதிப்பேர் பிரான்சிலேயே பிறந்தவர்கள். ஸிடான் பிறந்தது மார்செய் நகரில். அது போகட்டும். அந்தப் பட்டியலில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒரு பெயர் உண்டு: ரஷீத் மெக்லூஃபி. பிரான்ஸ் சட்டையையும் போட்டவர், அல்ஜீரியா சட்டையையும் போட்டவர். இரண்டுக்கும் நடுவில், உலக வரைபடத்திலேயே இல்லாத ஒரு நாட்டின் சட்டையை நான்கு ஆண்டுகள் போட்டவர். பிறந்த ஊரை வைத்து ஒருவரை அளக்கலாமா என்று விவாதிப்பவர்கள் இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால், பிறந்த இடம் என்பதே இவர் விஷயத்தில் நிலையான ஒன்றாக இல்லை.

மெக்லூஃபி 1936 ஆகஸ்ட் 12 அன்று செத்திஃப் என்ற ஊரில் பிறந்தார். இன்றைய வரைபடத்தில் அது கிழக்கு அல்ஜீரியா. அன்றைய சட்டத்தில் அது பிரான்ஸ். காலனி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 1848லேயே வட அல்ஜீரியாவை பிரான்ஸின் மாவட்டங்களாக அறிவித்துவிட்டார்கள். பாரிஸ் எப்படியோ அப்படித்தான் கான்ஸ்டன்டைனும். ஆகவே 1954ல் பதினெட்டு வயது மெக்லூஃபி கப்பலேறிப் போய் செயின்ட் எத்தியேன் மன்றத்தில் சேர்ந்தபோது அவர் 'வெளிநாட்டு ஆட்டக்காரர்' இல்லை. ஆவணப்படி ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊருக்குப் போனவர்.

ஆனால் அந்த ஆவணத்துக்குள் இன்னொரு ஆவணம் இருந்தது. அல்ஜீரியாவின் ஐரோப்பியக் குடியேறிகளுக்குத் தனி வாக்காளர் பட்டியல், முஸ்லிம் பெரும்பான்மைக்கு வேறு பட்டியல். எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமாக இருந்தவர்களுக்கும் சிறுபான்மைக்கும் சட்டசபையில் சம இடங்கள். மண் பிரான்ஸ், மனிதர்கள் முழு பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. இது நமக்குப் புரியாத விஷயமா? பிறந்த இடத்தை விட்டு ஒரு மைல்கூட நகராமல், கடைசிவரை சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்தவர்கள் நம் தோட்டங்களில் இருந்திருக்கிறார்கள்.

செத்திஃப் என்ற பெயருக்கு இன்னொரு கனமும் உண்டு. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். நேச நாடுகள் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று செத்திஃபிலும் ஓர் ஊர்வலம் போனது. அதில் அல்ஜீரியக் கொடி ஏந்திய இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டது. ஊர் பற்றிக்கொண்டது. ஐரோப்பியர்கள் சுமார் நூறு பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலாக ராணுவமும் குடியேறிகளின் ஆயுதக் குழுக்களும் சுற்றுவட்டாரத்தில் வாரக்கணக்கில் நடத்தியது படுகொலை. அன்றைய பிரெஞ்சு அரசின் கணக்கு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். அல்ஜீரிய அரசின் கணக்கு 45,000. வரலாற்றாசிரியர்கள் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறார்கள். ஊர்வலத்தில் போன பள்ளி மாணவர்களில் கைதானவர் ஒருவர் பின்னாளில் 'நெஜ்மா' நாவலை எழுதிய கதெப் யாசின். அப்போது அவருக்கு வயது பதினைந்து. மெக்லூஃபிக்கு எட்டு.

இந்தச் சிறுவன்தான் ஒன்பது வருடம் கழித்து செயின்ட் எத்தியேனில் வந்து இறங்கினான்.

செயின்ட் எத்தியேன் நிலக்கரிச் சுரங்க நகரம். சுரங்கங்களில் அல்ஜீரியத் தொழிலாளர்களும் இறங்கினார்கள். மன்றம் அங்குள்ள ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் ஊழியர்கள் தொடங்கியது. கடையின் பச்சை நிறமே அணியின் பச்சை நிறம். அரங்கத்துக்கும் கடை நிறுவனரின் பெயர்தான், ழெஃப்ருவா கீஷார். அதே நகரத்தில் அரசு ஆயுதத் தொழிற்சாலையும் இருந்தது. பிரெஞ்சுப் படையினர் தூக்கிய 'மாஸ்' ரகத் துப்பாக்கிகளின் பெயரே அந்தத் தொழிற்சாலைப் பெயரின் முதலெழுத்துகள்தாம். 1954 நவம்பரில் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. வார நாட்களில் அல்ஜீரியாவுக்குப் போகும் துப்பாக்கிகளைச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அல்ஜீரியப் பையன் கோல் போடுவதைப் பார்க்க வந்த கூட்டம் அது. யாரும் அதை விசித்திரமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா பையனைச் செதுக்கினார். தாக்குதல் வரிசையில் அவருக்கு ஜோடி, கெமரூனிலிருந்து வந்த யூஜின் நிஜோ லெயா. ஆடிக்கொண்டே சட்டம் படித்து, பின்னால் பிரான்சின் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1957ல் செயின்ட் எத்தியேன் தன் வரலாற்றில் முதன்முறையாக பிரெஞ்சு லீக்கை வென்றது. மெக்லூஃபி அதற்கு முந்தைய ஆண்டே பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடத் தொடங்கியிருந்தார். கட்டாய ராணுவப் பணியில் இருந்துகொண்டே பிரெஞ்சு ராணுவ அணிக்காக 1957ன் உலக ராணுவக் கிண்ணத்தையும் வென்றார். 1958 உலகக் கிண்ணம் ஸ்வீடனில். போகக்கூடியவர்கள் வரிசையில் அவரும் மொனாக்கோவின் தடுப்பாட்டக்காரர் முஸ்தஃபா ஸிதூனியும் இருந்தார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது.

அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணி ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது. அல்ஜியர்ஸில் வெடிக்கும் குண்டு பிரெஞ்சுச் செய்தித்தாளில் ஒரு நாள் நிற்கும். ஆனால் ஸிதூனி காணாமல் போனால் செய்தித்தாளைப் படிக்காதவனும் கேட்பான், "ஏன் போனான்?" என்று. மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை இயக்கத்துக்குக் கொடுத்துவந்த ஆட்டக்காரர்களை, முகம்மது பூமெஸ்ராக் என்ற முன்னாள் ஆட்டக்காரர் ரகசியமாக ஒருங்கிணைத்தார். இலக்கு துனிஸ். அங்கே ஓர் அணி அமையும். நாடு கிடைப்பதற்கு முன்பே நாட்டின் அணி.

1958 ஏப்ரல் நடுவில் அவர்கள் சிறு சிறு குழுக்களாகக் கிளம்பினார்கள். மெக்லூஃபியை அழைத்துப்போக வந்தவர்கள் மொக்தார் அரிபியும் அப்துல் ஹமீத் கெர்மாலியும். இருவருமே செத்திஃப்காரர்கள், வயதில் மூத்தவர்கள், ஊரில் அவர் அண்ணாந்து பார்த்து வளர்ந்த ஆட்டக்காரர்கள். இந்தச் சின்ன விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இயக்கம் அழைத்தது என்று பெரிய எழுத்தில் சொல்கிறோம். நடைமுறையில் இரண்டு ஊர்க்கார அண்ணன்மார் வந்து "கிளம்புடா" என்கிறார்கள். மெக்லூஃபி அந்த ஞாயிறு ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். கட்டுப்போட்ட தலையோடு எழுந்து காரில் ஏறினார். சுவிஸ் எல்லையில் காவலர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டு, கைது செய்வதற்குப் பதிலாக ரசிகர்களாகி அனுப்பிவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்திருக்கலாம். புகழ் சில சமயம் பாஸ்போர்ட்டைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

அங்கிருந்து ரோம், ரோமிலிருந்து துனிஸ். எல்லாரும் தப்பிவிடவில்லை. ரீம்ஸ் அணியின் முகம்மது மௌஷும் மொனாக்கோவின் ஹசன் ஷப்ரியும் பிடிபட்டார்கள். ஸிதூனி, ஏப்ரல் 16ல் சுவிட்சர்லாந்துடன் ஆடவிருந்த பிரான்ஸ் அணியில் இருந்தவர், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் காணாமல் போயிருந்தார். மெக்லூஃபியின் நிலை இன்னும் சிக்கல். மற்றவர்கள் ஒப்பந்தத்தை மீறினார்கள், அவ்வளவுதான். அவர் சீருடையில் இருந்த சிப்பாய். போர்க்காலத்தில் படையை விட்டு ஓடியவர்.

அந்த ஜூனில் பிரான்ஸ் அவர்கள் இல்லாமலேயே ஸ்வீடனுக்குப் போய் மூன்றாவது இடம் பிடித்தது. ஜுஸ்த் ஃபோன்டேன் 13 கோல்கள் போட்டார். ஒரே உலகக் கிண்ணத்தில் அத்தனை கோல்களை இன்றுவரை வேறு யாரும் போட்டதில்லை. ஃபோன்டேன் பிறந்த ஊர்? மொரோக்கோவின் மராக்கேஷ். வட ஆப்பிரிக்காவில் பிறந்த இரண்டு தாக்குதல் ஆட்டக்காரர்கள். ஒருவர் உலகச் சாதனையில், மற்றவர் உலகம் அங்கீகரிக்காத அணியில். ஃபோன்டேன்மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. அவர் ஐரோப்பியக் குடும்பத்தில் பிறந்தவர், அவரிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. காப்பிக்கடை விவாதத்தில் விட்டுப்போவது இதுதான். எங்கே பிறந்தாய் என்ற கேள்வி எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை. ஸ்வீடனிலிருந்து பிரெஞ்சு அணியினர் சிலர் துனிஸில் இருந்த பழைய நண்பர்களுக்கு அஞ்சலட்டை அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள். ஆட்டக்காரர்களுக்கு இடையில் கோபம் இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஃபிஃபா இந்த அணியை ஏற்கவில்லை. இவர்களோடு ஆடும் நாடுகளுக்கும் தண்டனை வரும் என்றது. அதனால் பல இடங்களில் எதிரணி 'தேசிய அணி' என்ற பெயரில் இறங்காது. நகர அணி, தொழிற்சங்க அணி, ஏதாவது ஒரு பெயர். துனிசியா, லிபியா, மொரோக்கோ, ஈராக், ஜோர்தான், சீனா, வட வியட்நாம், சோவியத் ஒன்றியம், பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா. போன இடமெல்லாம் அவர்கள் கேட்டது இரண்டே: ஆட்டத்துக்கு முன் எங்கள் கொடி ஏற வேண்டும், எங்கள் கீதம் ஒலிக்க வேண்டும். அந்தக் கீதத்தை, 'கஸ்ஸமன்', கவிஞர் முஃப்தி ஸகரியா 1955ல் அல்ஜியர்ஸ் சிறையில் இருந்தபோது எழுதினார். சிறையில் எழுதிய பாட்டு, நாடு கிடைக்கும் முன்பே பெய்ஜிங்கிலும் ஹனோயிலும் காற்பந்துத் திடல்களில் ஒலித்தது. ஹனோயில் ஹோ சி மின் அவர்களைச் சந்தித்தார். நாங்கள் பிரான்ஸை வென்றோம், நீங்கள் எங்களை வென்றீர்கள், அப்படியானால் நீங்களும் பிரான்ஸை வெல்வீர்கள் என்ற பொருளில் அவர் சொன்னதாக ஆட்டக்காரர்கள் சொல்லிவந்தார்கள். தர்க்கமாகப் பார்த்தால் ஓட்டைதான், ஆனால் உபசரிப்பு வார்த்தைக்கு அதுபோதும்.

எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள் என்பது நூலுக்கு நூல் மாறுகிறது. எண்பதுக்குக் குறையாது. பெரும்பாலானவற்றில் வெற்றி. 1961ல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியர்களை 6–1 என்று வீழ்த்தியது அவற்றின் உச்சம்.

இதைக் கேட்டவுடன் புல்லரிப்பது எளிது. எனக்கும் புல்லரித்தது. ஆனால் பொறியியல் படித்த புத்தி, உடனே கணக்கு போட்டுப் பார்க்கும். மெக்லூஃபி போனபோது வயது 21. திரும்பியபோது 26ஐ நெருங்கிவிட்டார். ஒரு தாக்குதல் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் இதைவிட விலை உயர்ந்த வருடங்கள் கிடையாது. அந்த வருடங்களில் அவருக்கு லீக் இல்லை, ஐரோப்பியக் கிண்ணம் இல்லை, உலகக் கிண்ணம் இல்லை. அதே முப்பது பேர், அதே பயிற்சி, அடுத்த விமானம், அடுத்த விருந்து, அடுத்த கொடியேற்றம். வலுவான எதிரணி வாரம்தோறும் கிடைக்காத ஓர் ஆட்டக்காரன் மெல்ல மழுங்குவான். தியாகம் என்ற சொல்லை நாம் நினைவு மண்டபங்களில் போட்டுத் தேய்த்துவிட்டோம். இங்கே அதை மாதம், வருடம் என்று எண்ணிவிடலாம்: 1958 உலகக் கிண்ணம் முதல் 1962 வரை, நான்கு காற்பந்துப் பருவங்கள். இன்னொன்றும் உண்டு. 1958ல் காரில் ஏறும்போது இது நான்கு வருடத்தில் முடியும் என்று யாருக்கும் தெரியாது. முடியாமலே போகவும் வாய்ப்பிருந்தது.

1962 ஜூலை 5ல் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. அன்றைக்குத்தான் மெக்லூஃபி, பிறந்து 25 வருடம் கழித்து, பிரான்ஸைப் பொறுத்தவரை 'வெளிநாட்டில் பிறந்தவர்' ஆனார். செத்திஃப் அதே இடத்தில்தான் இருந்தது.

பிறகு அவர் செய்தது இன்னும் துணிச்சலானது என்று நான் நினைக்கிறேன். திரும்பிப் போனார். முதலில் ஜெனீவாவின் செர்வெத் அணி. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் பழைய ஸ்னெல்லா. சில மாதங்களில், 1962 முடிவதற்குள், செயின்ட் எத்தியேனுக்கே போய்விட்டார். மன்றம் அப்போது விநோதமான நிலையில் இருந்தது. அந்த வருடம்தான் பிரெஞ்சுக் கிண்ணத்தை வென்றது, அதே வருடம் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியது. தலைவர் ரொஜே ரொஷே, தப்பி ஓடிய ஆட்டக்காரரைத் திரும்ப அழைக்கும் துணிவு கொண்ட மனிதர்.

ஊரை நினைத்துப் பாருங்கள். போரில் பிரெஞ்சுப் படையினர் இருபதாயிரத்துக்கும் மேல் செத்திருக்கிறார்கள். கட்டாயப் பணிக்குப் போன பையன்கள் அந்த ஊரிலும் இருந்தார்கள். அல்ஜீரியத் தரப்பில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். தப்பி ஓடிய சிப்பாய் அந்த அரங்கத்துக்குள் பச்சைச் சட்டையோடு மீண்டும் நடந்துவருகிறார். அன்று அரங்கம் மௌனமாக இருந்தது என்றும், அவர் காலில் முதல் பந்து பட்டு ஆட்டம் நகர்ந்தபோது கைதட்டல் எழுந்தது என்றும் சொல்லப்படுகிறது. அந்த மௌனம் எத்தனை நிமிடம், எத்தனை பேர் கைதட்டவில்லை என்பதையெல்லாம் இப்போது அளக்க முடியாது. அடுத்து வந்தவை மட்டும் பதிவில் உள்ளன. 1963ல் மீண்டும் முதல் பிரிவு. 1964ல், ஏறிய கையோடு, லீக் வெற்றி. பிறகு 1967, 1968 என இன்னும் இரண்டு. செயின்ட் எத்தியேனுக்காக அவர் போட்ட கோல்கள் மொத்தம் 150ஐ ஒட்டி வரும்.

1968 மே 12. பாரிஸ் புறநகர் கொலோம்பில் பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டம், எதிரணி போர்தோ. இரண்டு இரவுகளுக்கு முன்புதான் பாரிஸின் மாணவர்கள் தெருக்களில் கற்களைப் பெயர்த்துத் தடுப்பரண் கட்டினார்கள். மறுநாள் பொது வேலைநிறுத்தம் தொடங்கவிருந்தது. செயின்ட் எத்தியேன் 2–1 என்று வென்றது, இரண்டு கோலும் மெக்லூஃபியுடையவை. கிண்ணத்தைக் கொடுத்தவர் ஜனாதிபதி சார்ல் தெ கோல். அவர் மெக்லூஃபியிடம், பிரான்ஸ் என்றால் நீங்கள்தான் என்று சொன்னதாகச் சொல்வார்கள். இந்த வாசகத்தை எழுதாத கட்டுரை இல்லை. எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. பத்து வருடத்துக்கு முன் அந்த ஆளைத் தேடிய அரசு, அவர் ஜெயித்துக் கொடுத்தவுடன் அவரைத் தன் பெயரால் அழைக்கிறது. சொன்னவரின் பெருந்தன்மையைச் சிலாகிக்கிறார்கள். கேட்டுக்கொண்டவரின் பெருந்தன்மை அதைவிடப் பெரிது இல்லையா? அந்த மாத இறுதிக்குள் தெருப்போராட்டம் காற்பந்துக்கும் வந்தது. காற்பந்தை ஆடுபவர்களிடமே கொடு என்று ஆட்டக்காரர்கள் சிலர் பாரிஸில் பிரெஞ்சுக் காற்பந்துச் சம்மேளன அலுவலகத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள்.

கடைசியாக பாஸ்தியாவுக்கு ஆடிவிட்டு 1970ல் ஊர் திரும்பினார். பயிற்சியாளர் வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் 1975ஐ விட முடியாது. மத்தியதரைக் கடல் விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டம், அல்ஜியர்ஸில், விடுதலை நாளின் பெயரைத் தாங்கிய 'ஜூலை 5' அரங்கத்தில். எதிரணி வேறு யார், பிரான்ஸ்தான். தோற்கும் நிலையிலிருந்த அல்ஜீரியா கடைசி நிமிடங்களில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3–2 என்று வென்றது. 1982 உலகக் கிண்ணத்தில் அவர் மஹியெத்தீன் கலெஃபோடு இணைந்து அல்ஜீரிய அணியை நடத்தினார். முதல் ஆட்டத்திலேயே மேற்கு ஜெர்மனியை 2–1 என்று சாய்த்த அணி அது. அடுத்து மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்களுக்கு வசதியான 1–0ல் நின்று, மீதி நேரம் பந்தை உருட்டிக்கொண்டிருந்து, அல்ஜீரியாவை வெளியேற்றிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற விதி அதனால் வந்தது. நாம் இன்று இரண்டு திரைகளைத் திறந்துவைத்துப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

பிரான்ஸும் அல்ஜீரியாவும் முதன்மை அணிகளோடு முதன்முறை மோதியது 2001 அக்டோபர் 6ல், பாரிஸ் அருகே. ஸிடான் பிரான்ஸ் பக்கம் ஆடினார். அவருடைய பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். பிரான்ஸ் 4–1 என்று முன்னணியில் இருந்தபோது, பிரான்சிலேயே பிறந்த பையன்கள் அல்ஜீரியக் கொடிகளோடு திடலுக்குள் ஓடிவந்தார்கள். ஆட்டம் பாதியில் நின்றுபோனது.

மெக்லூஃபி 2024 நவம்பரில், 88 வயதில் இறந்தார். அவருக்கு பிரான்ஸ் தேசிய அணிக்காக நான்கு ஆட்டங்கள் பதிவாகியுள்ளன, 1956லும் 1957லும். அல்ஜீரியாவின் அதிகாரப்பூர்வக் கணக்கு 1963ல் தொடங்குகிறது. பெல்கிரேடின் 6–1, ஹனோய், பெய்ஜிங், துனிஸ் எதுவும் ஃபிஃபாவின் கணக்கில் இல்லை.